பிரெஸ்ட் வரை

ஆகஸ்ட் 15, 2023, செவ்வாய், ராம்பூயே

நான் வந்துவிட்டேன். சைக்கிள் பெட்டி வரவில்லை. விமான நிலையத்தில் ஒரு தாளை நீட்டி, வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். இங்கே வந்து இறங்கினால் ஊரே மூடிக் கிடக்கிறது. மாதாவின் விண்ணேற்புத் திருநாளாம், நாடு முழுக்க விடுமுறை. இங்கிருந்து பிரெஸ்ட் வரை போய்த் திரும்பும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் சைக்கிள் ஓட்டத்துக்கு, 90 மணி நேரத்துக்கு என்று எண்ணி எடுத்து வந்த கடலை மிட்டாயில் ஆறு துண்டு இப்போதே தீர்ந்துவிட்டது.

இடது முட்டி மடக்கும்போது வலிக்கவில்லை. படி இறங்கும்போது வலிக்கிறது.

அப்பாவுக்கு இன்று ஆஸ்பத்திரி நாள். திரும்பி வந்து இரண்டு இட்லி சாப்பிட்டாராம்.

ஆகஸ்ட் 16

பெட்டி வரவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

பதினொரு மணிக்கு வந்தது. அட்டை ஒரு மூலையில் நசுங்கியிருந்தது, பிரிக்கும்போதே கை நடுங்கியது. பின் கியர் உட்காரும் ஹேங்கர் உள்பக்கமாக வளைந்திருந்தது. ஊருக்குள் ஒரு சைக்கிள் கடைக்காரர் வண்டியைத் தொங்கவிட்டு, நீளமான ஒரு கருவியைத் திருகிப் பத்து நிமிடத்தில் நிமிர்த்திக் கொடுத்தார். கியர் எல்லாப் பல்லிலும் சத்தமில்லாமல் ஏறி இறங்கியதைக் கேட்டபோது கண் கலங்கிவிட்டது.

மாலையில் மேன்தெனோன் வரை போய் வந்தேன். 45 கிலோமீட்டர் இருக்கும். கோதுமை அறுத்து முடித்த வயல்கள், மஞ்சள் தாள் மட்டும் நிற்கிறது. இந்தச் சாலையின் குணம் நம் ஊர் மலைக்காரர்களுக்குப் பிடிபட நேரமாகும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறத் தொடங்கினால் ஏற்றம்தான், மனசும் காலும் ஒரே கியரில் உட்கார்ந்துகொள்ளும். இங்கே அப்படி இல்லை. 800 மீட்டர் தூரம் ஏற்றம், 600 மீட்டர் தூரம் இறக்கம், ஒரு கிராமம், ஒரு தேவாலயக் கோபுரம், மறுபடி ஏற்றம். எந்த மேட்டுக்கும் பெயர் கிடையாது. போட்டி வழியில் உள்ளதிலேயே உயரமான இடம் 384 மீட்டர்தான். ஆனால் போய்த் திரும்பும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 12,000 மீட்டர் வரும். என் முட்டிக்கு எதிரி இந்தக் கூட்டல்தான்.

மேன்தெனோனில் கோட்டைத் தோட்டத்துக்குக் குறுக்கே பெரிய பெரிய வளைவுகள் பாதி இடிந்து நிற்கின்றன. 14ஆம் லூயி வெர்சாய் நீரூற்றுகளுக்காக ஏர் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோக 1680-களில் கட்டத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான படைவீரர்களை வைத்துக் கல் சுமக்கச் செய்தார்கள். போர் வந்தது, வேலை நின்றது, தண்ணீர் வெர்சாய்க்குப் போகவே இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நின்றதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

திரும்பும் வழியில் தண்ணீர் பிடிக்க ஒரு கிராமத்தில் நின்றேன். சதுக்கத்தில் ஒரு கல், 1914–1918 என்று எழுதி அதன்கீழ் பெயர்கள். மொத்தம் முப்பது வீடு இருக்கும் அந்த ஊரில். பெயர்கள் பதினேழு.

சீட்டை 3 மில்லிமீட்டர் ஏற்றியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

முட்டிக்கு ஓய்வு. ரயிலில் சார்த்ர் போனேன். தட்டை வயலுக்கு மேலே அந்த இரண்டு கோபுரங்கள் எவ்வளவு தூரத்திலிருந்தே தெரிகின்றன! ஒன்று 12ஆம் நூற்றாண்டுக் கோபுரம், வெறும் கூம்பு. இன்னொன்று 16ஆம் நூற்றாண்டில் பூ வேலையோடு எழுப்பியது, உயரமும் அதிகம். ஜோடி சேரவில்லை என்று யாரும் இடித்துத் திரும்பக் கட்டவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் உள்ளே நாற்காலிகளை எடுத்துவிடுகிறார்கள், தரையில் பதித்த சுழல் பாதையில் நடக்கலாம். குறுக்களவு 13 மீட்டர்கூட இல்லை, ஆனால் உள்ளே சுற்றிச் சுற்றிப் போனால் 260 மீட்டர் வரும். நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நினைக்கும்போது வெளி ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறது. முன்னால் ஒரு பாட்டி கைத்தடியோடு போய்க்கொண்டிருந்தார். முந்தாமல் அவர் பின்னாலேயே போனேன்.

படி இறங்கும்போது வலி இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

ஆகஸ்ட் 19, சனி

பதிவு முடிந்தது. ஸ்டாம்ப் வாங்க வேண்டிய கார்டு கையில். தொடங்கும் இடம் பெர்ஜெரி நசியோனால், அரசு ஆட்டுப் பண்ணை. 16ஆம் லூயி ஸ்பெயினிலிருந்து மெரினோ ஆடுகளை வரவழைத்த பண்ணை. 1786-இல் அந்த மந்தையை அங்கிருந்து நடத்தியே கூட்டி வந்திருக்கிறார்கள். நான் போட்டுக்கொள்ளப் போகும் உள்பனியனும் மெரினோதான்.

அக்கா ஃபோனில் அந்த இணையப் பக்கத்தை எப்படிப் பார்ப்பது என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வழியில் ஸ்டாம்ப் வாங்கும் ஒவ்வொரு கண்ட்ரோலையும் நான் தாண்டும்போது அதில் நேரம் விழும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுத்தபடியே அதில் ஊர்ப் பெயர்களைச் சத்தமாகப் படித்தாராம். எழுத்து இருக்கிறபடியே, ஃபூஜேரை "பவுஜர்ஸ்" என்று.

ஆகஸ்ட் 20, ஞாயிறு, மாலை 6.40

7.30-க்கு என் கூட்டம் கிளம்புகிறது. வியாழன் மதியம் 1.30-க்குள் இதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். 1,219 கிலோமீட்டர்.

1891-இல் முதல் முறை நடந்தபோது ஜெயித்த ஷார்ல் தெரோன் 71 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, தூங்காமலே ஓட்டினார். கழற்றி மாட்டும் காற்று டயர் மிஷ்லேன் அப்போதுதான் செய்திருந்தது, அவர் வண்டியில் அதுதான். அந்தச் சாலைகளில் அந்த டயரோடு. என்னிடம் நல்ல தார்ச் சாலையும் மூன்று ட்யூபும் இருக்கின்றன.

அப்பா பேசினார். மில்லில் முப்பது வருடம் ராத்திரி ஷிப்டுக்கு சைக்கிளில் போனவர். "தூக்கம் வந்தா எதுத்து நிக்காத கண்ணு. முகத்தக் கழுவு, கொஞ்சம் உக்காரு, அப்புறம் போ."

ஆகஸ்ட் 21, திங்கள், அதிகாலை 1.10, மோர்த்தாஞ்

முன்னால் சிவப்பு விளக்குகளின் வரிசை மேடேறி, மறைந்து, அடுத்த மேட்டில் திரும்ப முளைக்கிறது. பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்கு நானும் அதில் ஒரு விளக்கு. பேச்சு இல்லை, செயின் சத்தம் மட்டும். இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

இந்திய நேரம் 4.40. அப்பா எழுந்து உட்கார்ந்திருக்கிறாராம்.

காலை 6.30, வில்லேன்

முட்டி பரவாயில்லை. காபி.

11.40, ஃபூஜேர்

கோட்டை. 13 கோபுரம். கோட்டை என்றால் மேலே இருக்கும் என்று நினைத்திருந்தேன், இது பள்ளத்தில் ஆற்றோரமாக உட்கார்ந்திருக்கிறது, ஊர்தான் மேலே. கோட்டையைப் பார்க்க இறங்கினால் திரும்ப ஏற வேண்டும். மேலேயிருந்தே பார்த்துக்கொண்டேன்.

வரும் வழியில் ஒரு வீட்டு வாசலில் மேஜை போட்டு கிரேப் என்ற மெல்லிய தோசை சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காசு எடுத்தால் கையைத் தள்ளிவிடுகிறார்கள். ஊருக்குப் போய் ஒரு தபால் அட்டை அனுப்பு, போதும் என்றார்கள். முகவரிச் சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவு 9, லூதெயாக்

வெயில் கொளுத்திவிட்டது. பெஷ்ரெல் ஏற்றத்தில் முட்டி பேசத் தொடங்கியது. சீட் உயரத்தைக் குறைப்பதா, இன்னும் கொஞ்சம் ஏற்றுவதா? அந்த 3 மில்லிமீட்டரைப் பற்றி முப்பது கிலோமீட்டருக்கு யோசித்திருக்கிறேன். வழியில் நின்று 3 இறக்கினேன். லூதெயாக்குக்கு முன்னால் 2 ஏற்றினேன். உடம்பு முழுக்க அந்த ஒரு மூட்டாகிவிட்டது மாதிரி இருக்கிறது. மற்ற கால் என்ன செய்கிறது என்றே தெரியவில்லை.

காற்று மேற்கிலிருந்து நேராக முகத்தில் அடிக்கிறது. எனக்குக் காற்று புதிதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வளர்ந்த ஆள்தான். ஆனால் அதில் ஓட்டும்போது முட்டி நன்றாக இருந்தது.

இரண்டு மணி நேரம் தூங்கப் போகிறேன். அக்காவின் செய்தி: "பன்னெண்டரை மணி. படுக்கச் சொன்னா லௌடியாக் வந்துட்டாளான்னு கேக்கறாரு."

ஆகஸ்ட் 22, செவ்வாய், காலை 5.50, கரே

குளிர். கை எழுதவில்லை.

மதியம் 12.50, பிரெஸ்ட்

எழுதியே ஆக வேண்டும்.

ரோக் திரெவெசெல் ஏற்றம் நான் பயந்தது போல் இல்லை. நீளம்தான், ஆனால் சரிவு மென்மையானது, ஒரே கியர். வால்பாறைக் கால் அங்கே தானாக வந்துவிட்டது. மேலே மரம் இல்லை, புதரும் பாறையும் மூடுபனியும்தான். உச்சியில் நின்றேன். 384 மீட்டர். கோயம்புத்தூரே 400 மீட்டருக்கு மேல். என் வீட்டு வாசலைவிடத் தாழ்வான ஓர் உச்சியை அடைய ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்திருக்கிறேன். அங்கே நின்றபோது அது எனக்கு எந்தச் சிகரத்துக்கும் குறைவாகத் தெரியவில்லை.

அப்புறம் அல்பேர் லூப் பாலம். ஃப்ரெய்சினே என்ற பொறியாளர் கட்டியது, 1930-இல் திறந்தது. மூன்று பெரிய கான்கிரீட் வளைவு. இப்போது கார்களுக்குப் பக்கத்திலேயே வேறு பாலம் இருக்கிறது, இது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும்தான். நடுவில் நிறுத்தினேன். கீழே கடல் கை நீட்டி உள்ளே வந்திருக்கிறது. அழுதேன். பக்கத்தில் நின்ற ஜப்பானியரும் அழுதுகொண்டிருந்தார். ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டோம்.

பிரெஸ்ட் ஊர் நேர்க்கோடாக, சாம்பல் நிறமாக இருக்கிறது. 1944-இல் ஏறத்தாழ மொத்தமும் இடிந்துபோய்த் திரும்பக் கட்டிய ஊர்.

இன்று ஆஸ்பத்திரி நாள். அக்காவிடமிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. இங்கே ஸ்டாம்ப் விழுந்து அரை மணி ஆகிறது.

1.20

பார்த்துவிட்டாராம். "பாதி முடிஞ்சுது"ன்னு சொல்லு என்றாராம். சாப்பிட்டாரா என்று கேட்டேன். பதில் இல்லை.

ஆகஸ்ட் 23, புதன், அதிகாலை 3, லூதெயாக்

பாதியளவு சாப்பிட்டாராம். தூங்குகிறேன்.

மதியம் 2, ஃபூஜேர்

இன்று காலை முழுக்கக் கல்லைத்தான் படித்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு கிராமத்திலும் அது இருக்கிறது, தேவாலயத்துக்கு அருகிலோ சதுக்கத்திலோ. போகும்போது இருட்டில் பாதியைத் தவறவிட்டேன். ல என்று தொடங்கும் பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை, நான்கு முறை. அண்ணன் தம்பிகளா, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகளா? ஓர் ஊரில் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கடைசி வரை படித்தேன். நேரம் போகிறது என்று தெரியும். படிக்காமல் தாண்டுவது சரியாகப் படவில்லை.

எதிர்வீட்டு அம்மா நான் நிற்பதைப் பார்த்து வெளியே வந்தார். குளிர்ந்த தண்ணீரை பாட்டிலில் ஊற்றினார். கல்லில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டிவிட்டு, தன் வீட்டு வாசலைக் காட்டினார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பத்துச் சொல், அதில் ஒன்றும் உதவவில்லை. கைகூப்பினேன். அவரும் கூப்பினார்.

வலி இப்போது இரண்டு முட்டியிலும்.

இரவு 8.15, வில்லேன்

ஊர் மொத்தமும் தெருவில் நிற்கிறது. ஒரு பையன் என் சாப்பாட்டுத் தட்டை வாங்கி மேஜை வரை தூக்கிக்கொண்டு வந்தான். ஆறு வயது இருக்கும். தட்டை வைத்துவிட்டு, நான் முதல் கவளம் சாப்பிடும்வரை நின்று பார்த்தான்.

ஆகஸ்ட் 24, வியாழன், அதிகாலை 3.20, மோர்த்தாஞ்

சாலை ஓர மரங்கள் எல்லாம் ஆட்களாகத் தெரிந்தன. பேருந்துக்குக் காத்து நிற்பது போல. ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். முகத்தைக் கழுவினேன், கொஞ்சம் உட்கார்ந்தேன். ஒரு பண்ணை வாசலில் விளக்குப் போட்டு, பெரியவர் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஃப்ளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார். மணி இரண்டு. எத்தனை மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்கத் தெரியவில்லை. கோப்பையை என் கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்தார், நடுக்கம் நிற்கும்வரை.

முகவரிச் சீட்டு இருக்கிறது. நனையவில்லை.

25 நிமிடம் தூங்கலாம். அதற்கு மேல் கூடாது.

காலை 8.50, ட்ரூ

இன்னும் 45 கிலோமீட்டர். நான்கு மணி நாற்பது நிமிடம் கையில் இருக்கிறது. மேட்டில் ஓர்லேயோன் அரச குடும்பத்தின் கல்லறைக் கோயில் வெயிலில் வெளுத்துத் தெரிகிறது. மன்னர் லூயி ஃபிலிப்பைப் புதைத்தது அங்கேதான்.

அக்கா: "பெட்ல படுத்துட்டே ஃபோன விடமாட்டேங்கறாரு. ட்ரெயுக்ஸ் இன்னும் வரலியேன்னு நர்ஸ் கிட்டயெல்லாம் கேட்டுட்டு இருக்காரு. எங்கடி இருக்க?"

எனக்கு முன்னால் வரிசையில் ஆறு பேர். கார்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்