பதிவேட்டில் இல்லாத தெருவுக்கு ஒரு வடிகால்

2022 செப்டம்பரில் ஒரு நாள் இரவு பெய்த மழையில் எங்கள் தறிக்குழிக்குள் தெருத் தண்ணீர் இறங்கியது. குழித்தறியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். நெய்கிறவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, அடியில் இருக்கும் மிதிகட்டைகளை மாற்றி மாற்றி மிதிப்பார். விடியற்காலையில் விளக்கைப் போட்டபோது மிதிகட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. தண்ணீர் குழியை நிறைத்துத் தரைக்கும் ஏறி, சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பாவையும் நனைத்திருந்தது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். வெண்பட்டு வேட்டிக்கான பாவு அது. சாக்கடைத் தண்ணீர் பட்ட வெள்ளைப் பட்டை எத்தனை முறை அலசினாலும் பழுப்பு போகாது. என் கணவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அன்று தொடங்கிய அலைச்சல், 2024 செப்டம்பரில் எங்கள் தெருவில் 180 மீட்டர் நீளத்திற்கு ஒரு மழைநீர் வடிகால் கட்டி முடியும் வரை ஓயவில்லை. அந்த நாட்களில் சேலம் மாவட்டத்தில் மாநகராட்சி ஒன்று, நகராட்சிகள் 6. எங்களுடையது அந்த ஆறில் ஒன்று. பெயரைச் சொல்லப் போவதில்லை. தவறு செய்தவர்களும், அதைத் திருத்தித் தந்தவர்களும் ஒரே அலுவலகத்தில் இருந்தார்கள். எங்களைப் போலவே அலைந்துகொண்டிருக்கும் வேறு தெருக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நல்ல நேரமாக அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், நகர்ப்புறங்களில் முதன்முறையாகப் பகுதி சபைக் கூட்டங்களை நடத்தினார்கள். கிராமத்துக்குக் கிராம சபை போல, நகரத்து வார்டுக்கு இது. எங்கள் வார்டில் பள்ளிக்கூட வராந்தாவில் நாற்பது பேர் கூடியிருந்தோம். எல்லோரும் எழுந்து நின்று குறைகளைச் சொன்னார்கள். நான் எழுதியே கொண்டு போயிருந்தேன். எங்கள் கவுன்சிலர் என்னைவிட வயதில் சிறியவர். மனுவைப் படித்துவிட்டு, "அக்கா, இதைக் கூட்டப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறேன். ஆனால் அலுவலகத்தில் தனியாக ஒரு பிரதி கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். சீட்டு இல்லாமல் எந்த மனுவும் கொடுக்காதீர்கள். அடுத்த இரண்டு ஆண்டுகளில், "உங்கள் மனு எந்தத் தேதியில் வந்தது?" என்ற கேள்விக்கு நான் பதினைந்து முறையாவது பதில் சொல்லியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்துப் பணி மேற்பார்வையாளர் வந்தார். டேப்பைப் பிடித்து அளந்தார், குறித்துக்கொண்டார், போய்விட்டார். அதற்கு அடுத்த வாரம் நான் அலுவலகத்திற்குப் போனபோது பொறியியல் பிரிவில் ஒரு தடித்த பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார்கள். நகராட்சிக்குச் சொந்தமான சாலைகள், அவற்றின் நீளம், அகலம், தளத்தின் வகை எல்லாம் அதில் இருந்தன. எங்களுக்கு முன் தெரு இருந்தது, பின் தெருவும் இருந்தது. எங்கள் தெரு இல்லை. "இது தனியார் நிலம் அம்மா. இதில் பொதுப் பணத்தைச் செலவழித்தால் தணிக்கையில் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

முப்பது ஆண்டுகளாகச் சொத்துவரி கட்டுகிறோம். தெருவிளக்கு எரிகிறது, குடிநீர்க் குழாய் வருகிறது. தெரு மட்டும் எப்படி எங்களுடையது இல்லாமல் போகும்? கோபத்தில் எனக்குக் கை நடுங்கியது. ஆனால் எழுத்தர் சொன்னது உண்மைதான். எங்கள் மனைப்பிரிவு 1980-களின் கடைசியில் அனுமதி இல்லாமல் போடப்பட்டது. மனைகளை விற்றவர் பத்திரங்களில் 'பொதுப் பாதையில் நடந்து செல்லும் உரிமை' என்று எழுதிக் கொடுத்தாரே தவிர, அந்தப் பாதையை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தரவில்லை. பட்டா அவர் பெயரிலேயே கிடந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அனுமதியில்லா மனைகளை வரன்முறை செய்துகொள்ளலாம், அதாவது கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று 2017-இல் அரசு விதிகள் கொண்டு வந்தபோது எங்களில் பாதிப் பேர் பணம் கட்டி மனையை வரன்முறை செய்தோம். அதோடு தெருவும் சேர்ந்துவிட்டது என்றே நம்பியிருந்தோம். மனை வேறு, தெரு வேறு. அனுமதியில்லாத மனைப்பிரிவில் குடியிருக்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது, தன் வீட்டுக்கு முன்னால் போகும் பாதை யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான். அதைப் பார்க்காமல் கொடுக்கும் மனுக்கள் எல்லாம் கடைசியில் அந்தப் பதிவேட்டின் முன்னால் போய் நின்றுவிடும்.

மனை விற்றவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் மூவர். மூத்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறார். மகள் சேலத்தில் இருக்கிறார். இளையவர் மட்டும் பக்கத்து ஊர். வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று, புல வரைபடம், நில அளவையர் வந்து கல் போட்டது, மூவரையும் ஒரே நாளில் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு வரவழைத்தது என்று எட்டு மாதம் ஓடிப்போயிற்று. அதையெல்லாம் விரித்தால் தனிக் கதையாகிவிடும். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பணம் கேட்பார்கள் என்று பயந்துகொண்டேதான் மூத்தவரிடம் போனேன். அவர் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா சொல்லியிருந்தால் அப்போதே எழுதிக் கொடுத்திருப்போமே அம்மா. நாங்களும் இந்தத் தெருவில்தானே சைக்கிள் ஓட்டினோம்" என்றார். பஸ் செலவைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. 2023 அக்டோபரில் நகராட்சி ஆணையர் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவானது. அடுத்த மாத மன்றக் கூட்டத்தில் அதை ஏற்றுக்கொண்டு தீர்மானம் போட்டார்கள்.

அந்தக் கூட்டத்தைப் பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட பொருள்கள். ஒவ்வொன்றையும் படித்ததும் 'அனுமதிக்கலாம்' என்று குரல் எழும், அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். எங்கள் தெரு அரை நிமிடத்தில் முடிந்தது. மன்றத்தில்தான் எல்லாம் முடிவாகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். மன்றத்திற்கு வரும்போது பெரும்பாலும் எல்லாம் முடிவாகியே வருகிறது. எத்தனை அடி ஆழம், எந்தப் பக்கம் சரிவு, எங்கே போய் விழும் என்பதை எல்லாம் பொறியியல் பிரிவு தயாரிக்கும் மதிப்பீடு தீர்மானித்துவிடுகிறது. மன்றம் அனுமதிப்பது அந்தக் காகிதத்தின் கடைசியில் இருக்கும் தொகையை.

நிதி எங்கிருந்து என்று ஒரு பேச்சு வந்தது. 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு போடும், வேலையும் சீக்கிரம் நடக்கும் என்றார்கள். மதிப்பீடு 9 லட்சம். 26 வீடுகள் சேர்ந்து 3 லட்சம் திரட்ட வேண்டும். கூலிக்கு நெய்கிற வீடுகள் பாதிக்கு மேல் உள்ள தெருவில் அதை நான் கேட்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கவுன்சிலர் பிடிவாதமாக நின்று பொது நிதியிலேயே சேர்க்க வைத்தார். 2024 பிப்ரவரியில் மன்ற அனுமதி கிடைத்தது.

டெண்டர் விடுவதற்குள் மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. நடத்தை விதிகள் இருக்கும்போது புதிதாக டெண்டர் விட முடியாது. தெருவே சோர்ந்து போயிற்று. நானும்தான். ஆனால் அந்தக் காத்திருப்புதான் எங்களைக் காப்பாற்றியது. சும்மா இருந்த நாளில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எங்கள் வடிகாலின் மதிப்பீட்டையும் வரைபடத்தையும் நகல் கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். 24-ஆவது நாளில் தபால் வந்தது.

எனக்கு அதில் பாதிதான் புரிந்தது. எதிர்வீட்டு மேஸ்திரி அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரைபடத்தின் கடைசி மூலையையே திரும்பத் திரும்பப் பார்த்தார். "தண்ணீர் போய் விழ வேண்டிய சிறுபாலத்தின் மட்டம் இதில் எழுதவே இல்லையே, தங்கச்சி" என்றார். அன்று மாலையே வீட்டிலிருந்து மட்டக் குழாயை எடுத்து வந்தார். கொத்தனார்கள் வைத்திருக்கும், உள்ளே இருப்பது தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாய்தான். உள்ளே தண்ணீர் ஊற்றி, காற்றுக் குமிழி இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றினார். ஒரு நுனியை என் மகன் தெருமுனையில் சுவரோடு பிடிக்க, மறு நுனியை அவர் பிரதான சாலைக்கு அடியில் தண்ணீரைக் கடத்தும் அந்தச் சிறுபாலத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். தண்ணீர் ஆடி ஆடி நின்றதும் இரண்டு இடத்திலும் கரித்துண்டால் கோடு போட்டார்கள். கோட்டிலிருந்து கீழே அளந்து பார்த்தால், நாங்கள் கட்டப் போகும் வடிகாலின் அடித்தளம், சிறுபாலத்தின் அடித்தளத்தைவிட 20 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தது. அப்படியே கட்டியிருந்தால் மழைத் தண்ணீர் வெளியே போகாது. சாலைத் தண்ணீர் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்திருக்கும்.

மூன்று முறை அளந்தோம். மூன்று முறையும் அதே 20.

உதவிப் பொறியாளரிடம் இதைச் சொன்னபோது முதலில் அவர் முகம் சுருங்கியது. ஆனால் மறுநாளே மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவியுடன் வந்து தானே அளந்தார். அளந்து முடித்து, "சரிதான் அம்மா, விட்டுப்போயிருக்கிறது" என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. மதிப்பீட்டில் 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு என்று போட்டிருந்தார்கள். 180 மீட்டரில் 90 சென்டிமீட்டர் இறங்கும். அதை 70 ஆகக் குறைத்தார். கீழ்ப்பகுதியில் ஆழம் 75-இலிருந்து 55 ஆகக் குறைந்ததால் அகலத்தை 45-இலிருந்து 60 சென்டிமீட்டர் ஆக்கினார். தண்ணீர் போகும் இடம் ஏறக்குறைய அதே அளவு, தொகையும் பெரிதாக மாறவில்லை. சிறுபாலம் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது என்பதால் அதில் இணைக்க அவர்களிடம் தனியாகக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. ஜூனில் வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் திருத்திய மதிப்பீட்டோடு டெண்டர் வெளியானது. 2 கோடி ரூபாய்க்கு உட்பட்ட வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். தந்தார்கள்.

ஆகஸ்டில் வேலை தொடங்கியபோது எதிர்பாராத இடத்தில் சண்டை வந்தது, எங்களுக்குள்ளேயே. தானப் பத்திரத்தின்படி தெரு 20 அடி. தரையில் சில இடங்களில் 16 அடிதான் இருந்தது. ஒவ்வொரு வீட்டுப் படியும், திண்ணையும், துவைக்கும் கல்லும் இரண்டிரண்டு அடி தெருவுக்குள் இறங்கியிருந்தன. நகரமைப்பு ஆய்வாளர் சிவப்புக் குறி போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் தறிக்கூடத்துப் படியிலும் குறி விழுந்தது. என் மாமனார் தன் கையால் சுமந்து வந்து போட்ட கருங்கல் அது. நெய்து முடித்த வேட்டியை முதலில் அந்தக் கல்லில் நின்றுதான் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. காலையில் குறிபோட்ட வீடுகளுக்கெல்லாம் முந்தி எங்கள் படியைப் பெயர்க்கச் சொன்னேன். அதன் பிறகுதான் மற்றவர்களிடம் பேச எனக்கு வாய் வந்தது. இரண்டு வீடுகள் கடைசி வரை என்னோடு பேசவில்லை. இப்போதும் ஒரு வீடு பேசுவதில்லை. அது எனக்கு வருத்தம்தான்.

கான்கிரீட் போட்ட நாட்களில் பெண்கள் முறை வைத்துக் கவனித்தோம். சிமெண்டு, மணல், ஜல்லி ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவை மாறவில்லையா என்று மேஸ்திரி அண்ணன் பார்த்துக்கொண்டார். நீர்கட்டுவது எங்கள் பொறுப்பு. சாக்கை நனைத்துப் போட்டு ஏழு நாளும் காயவிடாமல் ஊற்றினோம். ஒப்பந்ததாரரின் ஆட்கள் சலித்துக்கொள்ளவில்லை. மத்தியானம் ஒரு சொம்பு மோர் கொடுத்தால் அவர்களே சாக்கைத் திருப்பிப் போட்டார்கள். நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பொருளின் மாதிரியை எடுக்கவும் தகவல் உரிமைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. எங்களுக்கு அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை. கடைசி அளவெடுப்பின்போது நானும் கூட நடந்தேன். ஒப்பந்ததாரருக்குப் பணம் போவது அளவுப் புத்தகத்தில் எழுதும் எண்களை வைத்துத்தான். ஆகவே அந்த நாளில் தெருக்காரர் ஒருவராவது டேப்பின் மறுமுனையில் நிற்பது நல்லது.

அக்டோபரில் பலத்த மழை ஒன்று பெய்தது. நள்ளிரவில் எழுந்து தறிக்கூடத்துக்குப் போய், குழிக்குள் இறங்கி, வெறுங்காலால் தரையைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. வெளியே மூடிகளுக்கு அடியில் தண்ணீர் ஒரே சீராக ஓடும் சத்தம் கேட்டது. என் கணவர் எழுந்து வந்து, "பாவை மேலே தூக்கி வைக்கட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

போன வாரம் தண்ணீர் லாரி ஏறியதில் பதினான்காவது வீட்டுக்கு முன்னால் மூடி ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகை இன்னும் நகராட்சியிடம்தான் இருக்கிறது, அது திரும்பிப் போவதற்குள் மாற்றியாக வேண்டும். திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டேன். ஒப்புகைச் சீட்டைத் தறிக்கு மேலே ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன்.