கோடு சொல்லும் கதை: ஆல்பைன் ஸ்னோபோர்டில் கார்விங்

சரிவில் இறங்கி நின்றதும் முதலில் பார்க்க வேண்டியது வந்த வழியை. பென்சிலால் கீறியதுபோல ஒரே மெல்லிய கோடு இருந்தால் அது கார்விங், அதாவது போர்டின் விளிம்பால் பனியைக் கீறித் திரும்பியது. கரண்டியால் வழித்ததுபோல அகலமாகப் பனி ஒதுங்கியிருந்தால் அது ஸ்கிட், அதாவது வழுக்கித் திரும்பியது. எவ்வளவு வேகம், எவ்வளவு தாழ்வாகச் சாய்ந்தோம், கை பனியில் உரசியதா என்பதெல்லாம் அப்புறம்தான். வீடியோவில் ஸ்கிட்கூட அழகாகத் தெரியும். கோட்டைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

பொருளில் இருந்து தொடங்கலாம். ஆல்பைன் போர்டு ஒடுக்கமானது. சாதாரண ஸ்னோபோர்டின் இடுப்பு, அதாவது நடுப்பகுதியின் அகலம், 25 செ.மீ. சுற்றி இருக்கும், இதில் 18 முதல் 22 செ.மீ.தான். ஒடுக்கமாக இருப்பதால் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறுவது சட்டென்று நடக்கும். ஆனால் பாதங்களைக் குறுக்கே வைக்க இடமில்லை, போர்டின் முன்நுனியை, அதாவது மூக்கை, நோக்கித் திருப்பித்தான் வைக்க வேண்டும். அந்த நிலையில் மென்மையான பூட் காலைத் தாங்காது. அதனால்தான் ஸ்கீ பூட் போன்ற ஹார்ட் பூட்டும், அதைப் போர்டோடு பிணைக்கும் பிளேட் பைண்டிங்கும்.

புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது போர்டு தேர்வில். மலிவாகக் கிடைத்தது என்று 185 செ.மீ. நீள ஜயன்ட் ஸ்லாலம் பந்தயப் போர்டை வாங்கிவிடுவார்கள். இது ஏன் வேலைக்கு ஆகாது என்பதற்குச் சின்னக் கணக்கே போதும். போர்டின் பக்கவாட்டு வளைவுக்கு, அதாவது சைட்கட்டுக்கு, ஓர் ஆரம் உண்டு. போர்டைச் சாய்க்கச் சாய்க்க அது போடும் வளைவு சுருங்கும்: சைட்கட் ஆரத்தைச் சாய்வுக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் வருவதுதான் பனியில் விழும் வளைவின் ஆரம். 10 மீட்டர் சைட்கட் போர்டை 45 டிகிரி சாய்த்தால் 7 மீட்டர் வளைவு; அந்தச் சாய்வில் விழாமல் நிற்கத் தேவையான வேகம் மணிக்குச் சுமார் 30 கி.மீ. அதையே 20 மீட்டர் போர்டில் செய்தால் 14 மீட்டர் வளைவு, சுமார் 42 கி.மீ. வேகம். பழகுபவருக்கு இந்த 12 கி.மீ. வித்தியாசம் பயத்துக்கும் ரசனைக்கும் இடையிலான வித்தியாசம். சரிவின் சாய்வையும் எடை அழுத்தி போர்டு கூடுதலாக வளைவதையும் ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்குதான் இது. ஆனாலும் போக்கு புரியும்.

இதே கணக்கில் இன்னொரு வேடிக்கை. 10 மீட்டர் போர்டில் 45 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போக வேகம் 3 கி.மீ. கூடினால் போதும். ஆனால் கால் தாங்கும் பாரம் உடல் எடையின் 1.4 மடங்கிலிருந்து 2 மடங்காகிவிடும். தாழச் சாய முடியாததற்கு வேகம் போதவில்லை என்று நினைக்கிறோம். பெரும்பாலும் போதாதது காலும் தைரியமும்தான். தொடங்க 160 முதல் 168 செ.மீ. நீளம், 10 முதல் 12 மீட்டர் சைட்கட், ரொம்ப விறைப்பில்லாத ஒரு போர்டு போதும்.

பைண்டிங் கோணத்தை முடிவு செய்வது பூட்டின் நீளமும் போர்டின் அகலமும்தான். போர்டின் குறுக்குக் கோட்டிலிருந்து முன் பாதம் 50 முதல் 60 டிகிரி, பின் பாதம் அதைவிட 3 முதல் 5 டிகிரி குறைவு என்று தொடங்கலாம். பூட்டை மாட்டிய போர்டைத் தரையில் ஒரு விளிம்பில் மட்டும் நிறுத்தி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். 60 டிகிரிக்கு முன்பே பூட்டின் நுனியோ குதிகாலோ பைண்டிங்கோ தரையைத் தொட்டால் பனியிலும் அதுதான் நடக்கும்: பூட் பனியில் ஊன்றி விளிம்பைத் தூக்கிவிடும், நல்ல சாய்வில் இருக்கும்போது காரணமே தெரியாமல் விழுவீர்கள். கோணத்தை இரண்டு டிகிரி கூட்டினால் தீர்ந்துவிடும். அதற்காக 65, 70 என்று ஏற்றிக்கொண்டே போகவும் வேண்டாம். தேவைக்கு மேல் கூடிய கோணம் பக்கவாட்டுச் சமநிலையைத் தின்றுவிடும்.

இரண்டு பாதங்களுக்கும் நடுவே 46 முதல் 52 செ.மீ. முன் பாதத்தில் விரல் பக்கமும் பின் பாதத்தில் குதிகால் பக்கமும் 3 முதல் 6 டிகிரி உயரும்படி ஆப்பு வைத்தால் முழங்கால்கள் இயல்பாக மடங்கும். பூட்டின் முன்சாய்வு பின் காலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். பின்பக்கத் தாழ்ப்பாளை நடக்கும் நிலையிலேயே விட்டுவிட்டு இறங்குபவர்கள் நிறைய. ஹீல்சைடில், அதாவது குதிகால் பக்க விளிம்பில், சாயப் போகும்போதுதான் முதுகுக்குச் சுவர் இல்லாத மாதிரி இருக்கும்.

பைண்டிங் திருகுகள் எம்6 அளவு. அதிர்வில் இளகும், தினமும் காலையில் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். மிதித்தாலே மாட்டிக்கொள்ளும் ஸ்டெப்-இன் வகையாக இருந்தால் குதிகாலுக்கு அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட்டு மிதியுங்கள். கிளிக் சத்தம் கேட்டால் மட்டும் போதாது. குதிகாலை மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். ஸ்கீ பைண்டிங் போல விழும்போது தானாகக் கழன்றுகொள்ளும் ஏற்பாடு இதில் வழக்கமாகக் கிடையாது. பாதி மாட்டிய பைண்டிங்தான் கழலும், அதுவும் ஒரு கால் மட்டும். அது எவ்வளவு மோசமானது என்று விளக்கத் தேவையில்லை. விளிம்பைப் பக்கவாட்டில் 88 அல்லது 89 டிகிரிக்குத் தீட்டி, பிசிரை வைரக்கல்லால் தேய்த்து எடுத்துவிட்டால் போதும்.

இனி பனிக்கு வருவோம். இயந்திரம் வாரிவிட்ட, அகலமான, சாய்வு குறைந்த சரிவு வேண்டும். காலையில், கூட்டம் வருவதற்கு முன். முதல் பயிற்சியில் திருப்பமே கிடையாது. சரிவுக்குக் குறுக்கே நின்று, மேட்டுப்பக்க விளிம்பில் போர்டைச் சாய்த்து, சும்மா இருங்கள். போர்டு தானாகவே மேட்டை நோக்கி வளைந்து நின்றுவிடும். இந்தச் 'சும்மா இருப்பது'தான் கடினம். சாதாரண ஸ்னோபோர்டில் பழகிய பின் கால் தள்ளத் துடிக்கும், தள்ளினால் கோடு கலைந்துவிடும். டோசைடு (விரல் பக்க விளிம்பு), ஹீல்சைடு இரண்டிலும் பத்துப் பத்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் போர்டின் மூக்கை இன்னும் கொஞ்சம் பள்ளத்தை நோக்கி வைத்துத் தொடங்குங்கள். நேர் கீழே பார்த்துத் தொடங்கி, கோடு கலையாமல் வளைந்து நிற்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி விளிம்பு மாற்றம். போர்டு இன்னும் குறுக்கே போய்க்கொண்டிருக்கும்போதே பள்ளத்துப் பக்க விளிம்புக்கு மாறிவிட வேண்டும். உடம்பு அதை ஒப்புக்கொள்ளாது. பள்ளத்தில் விழப்போவதாகவே தோன்றும். எனவே பலரும் போர்டைத் தட்டையாக்கி, மூக்கு கீழே திரும்பும்வரை வழுக்கவிட்டு, அதற்குப் பிறகு விளிம்பை ஊன்றுகிறார்கள். வளைவின் முதல் பாதி தொலைந்துவிடுவதால் அழுத்தம் முழுவதும் கடைசிப் பாதியில் வந்து குவிகிறது. சரியான வழி: வளைவு முடியும் இடத்தில் முழங்கால்களைத் தளர்த்தி மடக்குங்கள், போர்டு உங்களுக்கு அடியில் புகுந்து மறுபக்கம் போகட்டும். புது விளிம்பு பனியைக் கடித்த பிறகு, மனத்துக்குள் மூன்று எண்ணியபடி, காலை மெல்ல நீட்டுங்கள். எடை தொடக்கத்தில் முன் பாதத்தில், நடுவில் சமமாக, முடிவில் சற்றுப் பின்னால். முடிவிலும் முன்னாலேயே தொங்கினால் போர்டின் வால் பிய்த்துக்கொண்டு போகும். தொடக்கத்திலேயே பின்னால் உட்கார்ந்தால் போர்டு உங்களை விட்டுவிட்டு முன்னே பாயும்.

ஹீல்சைடில் வரும் 'தடதட' எல்லோருக்கும் தெரிந்த வியாதி. விளிம்பு பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும், பல் கிடுகிடுக்கும். விளிம்பு மழுங்கிவிட்டது என்று உடனே தீட்டக் கிளம்புகிறோம். பெரும்பாலும் குற்றவாளி இடுப்பு. நாற்காலியில் உட்காருவதுபோல இடுப்பை மடித்து, பின்புறத்தை உள்ளே தள்ளி, காலை விறைத்து வைத்தால் அதிர்ச்சியை வாங்க மூட்டு எதுவும் மிச்சமில்லை. முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, மார்பை மூக்கை நோக்கித் திருப்பி, வளைவு போகும் திசையைப் பாருங்கள். பின் கையை முன் பூட்டின் மேற்பட்டையை நோக்கிக் கொண்டுவாருங்கள். அந்த ஓர் அசைவே தோளையும் இடுப்பையும் தானாகச் சரிப்படுத்திவிடும். அப்படியும் தடதடத்தால் மேலே சொன்ன தாமத விளிம்பு மாற்றத்தைச் சந்தேகியுங்கள். அரத்தை எடுப்பது அதற்கும் பிறகுதான்.

டோசைடில் வேறு ஆசை: உள்பக்கக் கையால் பனியைத் தொடுவது. படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் கையைத் தேடித் தோள் சாயும்போது எடை விளிம்பைவிட்டு உள்ளே விழுகிறது, போர்டு நழுவுகிறது. சாய வேண்டியது முழங்காலும் இடுப்பும். தோள்கள் முடிந்தவரை சரிவுக்கு இணையாக இருக்கட்டும். வெளிப்பக்கக் கையைக் கீழே அழுத்துங்கள். பனி தானாக வந்து உள்கையைத் தொட்டால் தொட்டுவிட்டுப் போகட்டும். உடம்பையே பனியில் கிடத்தி எழும் எக்ஸ்ட்ரீம் கார்விங் வேறு வித்தை, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

ஸ்கீயில் கார்விங் தெரிந்தவர்களுக்கு விளிம்பின் மொழி ஏற்கெனவே பரிச்சயம். 2018 பியாங்சாங் ஒலிம்பிக்கில் செக் வீராங்கனை எஸ்டெர் லெடெட்ஸ்கா ஸ்கீ சூப்பர்-ஜியிலும் ஸ்னோபோர்டு பாரலல் ஜயன்ட் ஸ்லாலமிலும் தங்கம் வாங்கினார். அவர் அளவுக்குப் போக வேண்டியதில்லை. உறவு இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

நம்மால் மற்றவர்களுக்கு வரும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். கார்விங் செய்பவர் சரிவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வார், சில சமயம் மேட்டை நோக்கியும் ஏறுவார். பின்னால் வருபவருக்கு அது எதிர்பாராதது. முன்னால் போகிறவருக்கே முன்னுரிமை என்று சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்டு கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ்.ஸின் நடத்தை விதி சொல்கிறது. ஆனால் அதே விதிகளின்படி, நின்று கிளம்புபவரும் மேல்நோக்கித் திரும்புபவரும் மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். டோசைடு வளைவின் முடிவில் முகம் மேட்டுப்பக்கம் இருக்கும், ஒரு பார்வை பார்க்க அதுவே தோதான இடம். ஹீல்சைடின் முடிவில் மேடு முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

மறுபடி கோட்டுக்கு வருகிறேன். வளைவின் தொடக்கத்தில் விசிறிபோல அகன்றிருந்தால் விளிம்பு மாற்றத்தில் காலைத் திருகியிருக்கிறீர்கள். நடுவில் புள்ளி புள்ளியாக இருந்தால் தடதட. முடிவில் மட்டும் அகன்றால் வால் நழுவியிருக்கிறது. ஒரு கோடு முடிந்து மறு விளிம்பின் கோடு தொடங்கும் இடைவெளி போர்டின் நீளத்துக்குள் இருந்தால் நல்ல மாற்றம். லிஃப்டில் மேலே போகும்போதே பார்த்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் வேறு யாராவது அதன்மேல் சறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.