எக்ஸ்எஸ்எல்டி தேர்வு: வெறும் உரைக் கோப்பு கேட்டால்

எக்ஸ்எம்எல் ஆவணத்தை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டி படிக்கிறவர்கள் எச்டிஎம்எல் பக்கம் உருவாக்கும் கணக்குகளில்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள். என் அனுபவத்தில் செய்முறைத் தேர்வில் ஆளைத் திணறடிப்பது வெறும் உரைக் கோப்புதான். எச்டிஎம்எல்லில் பத்து இடைவெளி கூடினாலும் பிரவுசர் சுருக்கிக் காட்டிவிடும். சிஎஸ்வியில் (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) ஒரு வெற்று வரி கூடினால்கூட, படிக்கும் நிரல் அதை ஒரு பதிவாக எடுத்துக்கொள்ளலாம். அதனால் இந்தப் பகுதிக்குத் தயாராவது என்றால், முக்கால்வாசி இடைவெளிகளைப் படிப்பதுதான்.

முதல் பயிற்சியாக, டெம்ப்ளேட் (ஆவணத்தின் எந்தப் பகுதிக்கு என்ன செய்வது என்ற விதி) எதுவும் இல்லாத ஸ்டைல்ஷீட் (எக்ஸ்எஸ்எல்டி நிரல்) ஒன்றை எழுதி, அவுட்புட் மெத்தடை டெக்ஸ்ட் என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆவணத்தின் உரை முழுவதும் கொட்டும். பண்புகளின் (அட்ரிபியூட்) மதிப்புகள் மட்டும் வராது. உள்ளமைந்த விதிகள் என்று பாடத்தில் வருவது இதுதான். "கேட்காத உரை ஏன் வந்தது?" என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். உரைக் கணுக்களுக்கு (ஆவண மரத்தில் உரையைத் தாங்கும் துண்டுகள்) ஒரு வெற்று டெம்ப்ளேட் போட்டால் அது நின்றுவிடும்.

இந்த மெத்தடில் எஸ்கேப் செய்வதும் (சிறப்புக் குறிகளைக் குறியீடாக மாற்றி எழுதுவதும்) கிடையாது. மூலத்தில் & என்று இருப்பது வெளியே வெறும் & ஆக வரும். அதற்கென்று தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

இனி இடைவெளி. ஸ்டைல்ஷீட்டில் வெறும் இடைவெளி மட்டும் உள்ள உரைக் கணு தானாகவே நீக்கப்படும். ஆனால் அதோடு ஒரு காற்புள்ளி சேர்ந்துவிட்டால், முன்னும் பின்னும் உள்ள வரிமுறிவு, உள்தள்ளல் எல்லாம் அப்படியே வெளியீட்டுக்குப் போகும். எனவே காற்புள்ளியை எக்ஸ்எஸ்எல்:டெக்ஸ்ட் உறுப்புக்குள் அடைத்துவிடுங்கள். வரிமுறிவுக்கான 
 என்பதும் அதற்குள்தான் இருக்க வேண்டும். வெளியே தனியாக எழுதினால், எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் பார்சர் முதலில் அதை வரிமுறிவாக மாற்றும். பிறகு வெற்று இடைவெளி என்று அது நீக்கப்படும். "
 போட்டேனே, வரி உடையவில்லையே" என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

மூல எக்ஸ்எம்எல்லின் உள்தள்ளலுக்கு வெற்று இடைவெளிகளை நீக்கும் ஸ்ட்ரிப்-ஸ்பேஸில், எல்லா உறுப்புக்கும் என்று பொருள்படும் நட்சத்திரக் குறி போடுங்கள். போடாமல், எவற்றை எடுக்க வேண்டும் என்று சொல்லும் செலக்ட் இல்லாத அப்ளை-டெம்ப்ளேட்ஸ் எழுதினால், இடைவெளிக் கணுக்களும் எண்ணிக்கையில் சேரும். கடைசி இடம் இடைவெளிக்குப் போய்விடும். "கடைசி இல்லையென்றால் காற்புள்ளி" என்ற நிபந்தனை எல்லா உறுப்புக்கும் உண்மையாகி, வரி முடிவிலும் ஒரு காற்புள்ளி ஒட்டிக்கொள்ளும். நிபந்தனையை எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் பிழை தெரியாது. அது அங்கே இல்லையே!

அப்புறம், வினாத்தாளில் எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். 1999இல் வந்த 1.0இல், மதிப்பை எழுதும் வேல்யூ-ஆஃப் பல கணுக்களைப் பிடித்தாலும் முதலாவதை மட்டுமே தரும். 2007இல் வந்த 2.0இல் எல்லாம் வரும். அதன் செப்பரேட்டர் (இடையே வைக்கும் குறி) பண்பில் காற்புள்ளி கொடுத்தால் மேலே சொன்ன தொல்லையே இல்லை. ஒரே ஓட்டத்தில் பல கோப்புகள் எழுத ரிசல்ட்-டாகுமென்ட்டும் அதில்தான் வந்தது. வீட்டில் எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற கருவியை வைத்துப் பழகினால் 1.0 மட்டுமே கிடைக்கும். அடுத்த பதிப்புகளுக்கு சாக்ஸன் போன்ற வேறு கருவி வேண்டும்.

மேற்கோள் குறியை இரட்டிப்பாக்கச் சொல்லும் சிஎஸ்வி கேள்விக்கும் இதே பதிப்புக் கணக்குதான். 2.0 என்றால் ரிப்ளேஸ் என்ற செயற்கூறு ஒரே வரியில் முடித்துவிடும். 1.0இல் டிரான்ஸ்லேட்டை நம்ப வேண்டாம், அது எழுத்துக்கு எழுத்து மட்டுமே மாற்றும். தன்னையே அழைக்கும் டெம்ப்ளேட் ஒன்றைத்தான் எழுத வேண்டும். அதை மட்டும் பார்க்காமல் எழுதும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். தேர்வு நேரத்தில் யோசித்து எழுதக்கூடியது அல்ல.