தாத்தா போட்டு வச்ச பணம், 17 வயசுல வந்த ஃபீஸ்

"உனக்கென்ன கண்ணு, தாத்தாதான் போட்டு வச்சிட்டுப் போயிருக்காரே"ன்னு ஊர்ல எல்லாரும் சொல்லுவாங்க. வாஸ்தவம்தான். ஏற்காட்டுல நாகலூர் பக்கம் இருந்த காப்பித் தோட்டத்த வித்து அதுல ஒரு பங்க என் பேருக்கு ட்ரஸ்ட்டா எழுதி, பெரியப்பாவ அந்தப் பணத்த பாத்துக்கற ட்ரஸ்டியா போட்டாரு. 18 ஆனதும் மொத்தமும் எனக்குன்னு பத்திரத்துல இருக்கு, நடுவுல படிப்புக்கு எடுக்கலாமா கூடாதான்னு ஒரு வரி கூட இல்ல. காலேஜ் கவுன்சிலிங் முடிஞ்சு ஃபீஸ் கட்ட வேண்டியது ஆகஸ்ட்ல, எனக்கு 18 ஆகறது நவம்பர்ல!

பெரியப்பா, "மைனர் பணம் சாமி, நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்"னு நகரவே மாட்டேன்னுட்டாரு. அப்பாவுக்கு கோவம், "ஏன்ணா, அவ பணத்த அவளுக்குத்தானே கேக்கறோம்"னு ஒரு வாரம் பேச்சே இல்ல. ஆனா பெரியப்பா பயந்ததுல நியாயம் இருந்துச்சுன்னு சேலம் அஸ்தம்பட்டி வக்கீல் சொல்லித்தான் தெரிஞ்சுது. 1882ல வந்த இந்திய ட்ரஸ்ட் சட்டம், 41வது பிரிவு: மைனர் படிப்புக்கு வட்டி, வாடகை மாதிரி வர்ற வருமானத்த ட்ரஸ்டியே முடிவு பண்ணி குடுக்கலாம், அசல்ல கை வைக்கணும்னா மாவட்ட கோர்ட்டு அனுமதி வேணும். பெட்டிஷன் போட்டு ஆர்டர் வாங்கறதுக்குள்ள சீட்டு போயிடும், அந்த வருஷ வட்டியோ ஹாஸ்டலுக்கே பத்தாது.

அப்பதான் வக்கீல், "இத்தன வருஷ வட்டி எங்கீங்க?"ன்னாரு. எடுக்காமயே எஃப்டில சேந்து ஏறிட்டு இருந்துச்சு. அப்படி சேந்த வட்டியையும் இந்த வருஷ வருமானம் மாதிரியே செலவு பண்ணலாமாம், அதே பிரிவுல இருக்கு.

எது அசல் எது வட்டின்னு காட்டணுமே, அதுக்கு பெரியப்பா ஒரு நோட்ட எடுத்துட்டு வந்தாரு பாருங்க. தாத்தாவோட பழைய நோட்டு, முன்பக்கம் பூரா காப்பிக்கொட்டை, மிளகு எடைக் கணக்கு, அத பெரியப்பா திருப்பி வச்சு பின்பக்கத்துல இருந்து அசல் நீல மையில, வட்டி சிவப்பு மையில எழுதி வச்சிருக்காரு. அப்பா ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தாரு.

பேங்க்ல எஃப்டிய பாதி மட்டும் உடைக்க முடியாதுன்னுட்டாங்க. நல்லவேளை துண்டு துண்டா போட்டு வச்சிருந்ததால சின்னது ஒண்ண க்ளோஸ் பண்ணோம், முன்கூட்டியே எடுத்ததுக்கு வட்டில கொஞ்சம் புடிச்சாங்க. பத்திர நகல், ட்ரஸ்ட் பான் கார்டு, பெரியப்பா லெட்டர், காலேஜ் ஃபீஸ் லெட்டர் எல்லாம் கேட்டாங்க. பணம் எங்க கைக்கே வரல, ட்ரஸ்ட் அக்கவுண்ட்ல இருந்து நேரா காலேஜுக்கு.

உங்க பேர்லயும் இப்படி ஏதாவது இருந்தா ப்ளஸ் டூ படிக்கும்போதே பத்திரத்தையும் கணக்கையும் கேட்டு வாங்கிப் பாருங்க. அதே சட்டத்தோட 57வது பிரிவுல அது உங்க உரிமை, கேட்டா யாரும் கோவிச்சுக்கக் கூடாது (கோவிச்சுக்குவாங்க, அது வேற). 

நவம்பர்ல மிச்சமும் என் பேருக்கு மாறிடுச்சு. அப்பா இப்பவே இடம் வாங்கலாமான்னு ஆரம்பிச்சிட்டாரு. மூணு வருஷ ஃபீஸ தனியா போட்டப்புறம் பேசலாம்ப்பான்னு சொல்லிருக்கேன்.