சனிப் பிரதோஷமும் மைனர் சிக்ஸ்தும்

சனிப் பிரதோஷத்தன்று ஜாஸ் வகுப்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று பஞ்சாங்கத்தில் ஒரு வரி போட்டிருந்தால் நேற்று என் மானம் தப்பியிருக்கும்.

நான்கு மாதமாகக் கீபோர்டில் ஜாஸ் கற்றுக்கொள்கிறேன். அதற்காகக் காதுக்குப் பயிற்சி தரும் ஒரு செயலியும் வைத்திருக்கிறேன். இரண்டு சுரங்களை ஒலிக்கும். இடையில் எத்தனை தூரம் என்று நாம் சொல்ல வேண்டும். மேஜர் தேர்ட், பெர்ஃபெக்ட் ஃபிஃப்த் என்று அந்தத் தூரங்களின் மேற்கத்தியப் பெயர்களில் பன்னிரண்டு பொத்தான்கள். மூன்று வாரமாக என் மதிப்பெண் இருபதுக்கு ஏழைத் தாண்டாமலே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய ஒரு நாள் மட்டும் எட்டு வந்தது.

போன மாதம் ஹெட்ஃபோனைத் தேட அலுப்புப்பட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகவே வைத்தேன். செயலி 'டொய்ங், டொய்ங்' என்றது. அடுக்களையிலிருந்து, பீன்ஸ் நறுக்கும் சத்தத்துக்கு நடுவே, "சாதாரண காந்தாரம்" என்று கர்நாடக சங்கீதப் பெயரைச் சொன்னாள் அம்மா. மைனர் தேர்டை அழுத்தினேன். பச்சை விளக்கு. அடுத்தது? "கைசிகி நிஷாதம்." மைனர் செவன்த், பச்சை. டிரைடோன் வந்தபோதுகூட அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "பிரதி மத்திமம். கல்யாணியில் வருமே." மேற்கத்தியர் இதற்கு 'இசையில் சாத்தான்' என்று பெயர் வைத்திருந்தார்கள் என்றேன். "கல்யாணிக்கா? காது கேட்காதவர்களாக இருக்கும்" என்றாள். அன்று இருபதுக்கு இருபது. செயலி வண்ணக் காகிதம் தூவி என்னை இரண்டாம் நிலைக்கு உயர்த்தியது.

இரண்டாம் நிலையில்தான் சண்டை. அதில் சுரங்கள் மேலிருந்து கீழே இறங்கும். "பஞ்சமம்" என்றாள். ஃபிஃப்தை அழுத்தினேன். சிவப்பு, ஃபோர்த் என்றது செயலி. அம்மா கத்தியோடு வெளியே வந்தாள். முதலில் கேட்டதுதான் ஷட்ஜம், அதற்குக் கீழே வந்தது கீழ் ஸ்தாயிப் பஞ்சமம், இதில் என்ன தப்பு என்றாள். தப்பே இல்லை. அவள் சுரத்தின் பெயரைச் சொல்கிறாள், செயலி தூரத்தைக் கேட்கிறது. மேலே ஏறினால் ஐந்தாம் வீடு, கீழே இறங்கினால் நான்காம் வீடு. அன்று இரவு நோட்டில் அட்டவணை போட்டேன்: அம்மா கீழ்ப் பஞ்சமம் என்றால் ஃபோர்த், கீழ் தைவதம் என்றால் தேர்ட். பள்ளியில் பதினாறாம் வாய்ப்பாட்டுக்குக்கூட நான் இப்படி உழைத்ததில்லை. மூன்றாம் நிலையும் வந்து சேர்ந்தது.

மற்றபடி என் ஜாஸைப் பற்றி அம்மாவுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று மூன்று கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கொத்துகளை) அடுத்தடுத்துப் பிடித்து, அவற்றின் மேல் ஸ்கேல், அதாவது சுர வரிசை, ஓட்டுவது என் பாடம். எல்லாமே வெள்ளைக் கட்டைகள்தாம். ஆனால் டி-யில் தொடங்கினால் கரகரப்பிரியா, ஜி-யில் ஹரிகாம்போஜி, சி-யில் சங்கராபரணம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் முதல் இரண்டு ராகங்களுக்கும் தலா நான்கு தட்டு, அதாவது இரண்டே நொடி. "கரகரப்பிரியாவுக்கு இரண்டு நொடியா? உட்கார்ந்து தொண்டையைச் செருமுவதற்குள் எழுப்பிவிடுவார்களா?" என்று கேட்டாள். ஹெட்ஃபோனோடு வாசிக்கும் நாட்களில் கீழ் வீட்டு மாமாவுக்குக் கட்டைகளின் தடதடப்பு மட்டும் இறங்கும் போலிருக்கிறது. மேலே யாரோ டைப்ரைட்டிங் ஹையர் தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறார். போன வாரம் இஸ்திரிக்காரர் என்னிடம் தேர்வு எப்போது என்று விசாரித்தார்.

நேற்றைக்கு வருகிறேன். காணொளி வகுப்பில் வாத்தியார் செயலியின் கணக்கைத் திறந்து பார்த்தார். புருவம் உயர்ந்தது. நான்கு மாதத்தில் இப்படி ஒரு காதா என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். "சரி, இது என்ன?" என்று இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார்.

என் தலை தானாக அடுக்களைப் பக்கம் திரும்பியது.

அடுக்களையில் யாரும் இல்லை. மணி ஐந்து. அம்மா நந்திக்குப் பாலபிஷேகம் பார்க்கப் போயிருந்தாள். குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே துணையாகக் கொண்டு "மேஜர் தேர்ட்" என்றேன். "மைனர் சிக்ஸ்த்" என்றார் அவர், ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில். இன்னும் நான்கு கேட்டார். அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை. முதல் நிலையிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லிவிட்டார்.

அம்மா விபூதியும் தொன்னையில் சுண்டலுமாகத் திரும்பியபோது நடந்ததைச் சொன்னேன். மைனர் சிக்ஸ்தைச் சேர்த்து அழுத்திக் காட்டினேன். முகம் சுளித்தாள். "இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் யார் என்ன சொன்னார்கள் என்று எப்படித் தெரியும்? தனித்தனியாக வாசி." வாசித்தேன்.

"இதுவா? இது சுத்த தைவதம். மாயாமாளவகௌளையில் வருவது. சரளி வரிசைடா!"

அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். ஏழு வயதில், பாட்டின் அரிச்சுவடியான சரளி வரிசையின் நடுவில் எழுந்து, பாட்டு டீச்சர் வீட்டுப் பின்கட்டு வழியாகக் கிரிக்கெட்டுக்கு ஓடியவன் யார் என்பது இந்தத் தெருவுக்கே தெரியும். அந்த மாதச் சம்பளத்தை அம்மா முழுதாகக் கொடுத்துவிட்டு வந்தாள் என்பதும்.

சுண்டலைத் தட்டில் கொட்டிவிட்டு, புடவை மாற்றப் போகிற வழியில், ஸ ரி க ம என்று மெல்ல ஆரம்பித்தாள். ஐந்தரைக் கட்டை. முன்பெல்லாம் பாடிய அதே சுருதி. இறங்கவே இல்லை. கூடவே வாசிக்கலாம் என்று கீபோர்டைத் திறந்தேன். ஐந்தரைக் கட்டை என்றால் ஏ ஃபிளாட்.

ஏ ஃபிளாட் எனக்கு அடுத்த மாதப் பாடம்.