கேன்சல் கணக்கு

மார்ச் 3
ஆப் டாக்ஸி ஓட்டும் பெண்களுக்காக நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை. முதலில் கழிப்பறை. மறுபடியும் அதேதான். ஒரு ட்ரிப் முடிவதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. ஆஃப்லைன் போனால் பீக் நேர இன்சென்டிவ் போச்சு. எடுக்காமல் விட்டால் ஏற்பு விகிதம் (வரும் அழைப்புகளில் எத்தனை எடுத்தோம் என்ற கணக்கு) இறங்கும். அதனால் தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிறார்கள். சிறுநீர்த் தொற்று வராமல் என்ன செய்யும்? 15 நிமிட இடைவேளைப் பொத்தான் வேண்டும், இன்சென்டிவ் கணக்கும் அதுவரை நிற்க வேண்டும்.

மார்ச் 4
நிறுவனத்திடமிருந்து பதில் இல்லை.

மார்ச் 6
பெண் பயணிகளே வேண்டும் என்று பெண் ஓட்டுநர் தன் விருப்பத்தைப் போட்டுவைக்கும் வசதியை ஊபர் 2019-ல் சவூதி அரேபியாவில் கொண்டுவந்தது. லிஃப்ட் (Lyft) என்ற டாக்ஸி ஆப் 2023-ல் அமெரிக்காவில். நல்லதுதான். ஆனால் அதைப் போட்டதும் அழைப்பு குறையும், பிக்கப் தூரம் கூடும். காலி ஓட்டத்துக்குக் காசு தராவிட்டால் பாதுகாப்புச் செலவு ஓட்டுநர் தலையில்தான்.

இன்னொன்று: பெண் பெயரில் புக்கிங், வாசலில் நிற்பது ஆண். ஏற்றாமல் போனால் அது ஓட்டுநர் செய்த கேன்சல் என்று கணக்கு!

மார்ச் 7
அந்தக் கேன்சல்தான் உறுத்துகிறது. குடித்துவிட்டு நிற்பவரை ஏற்ற மறுத்தாலும், ட்ராப் இடம் இருட்டுச் சந்து என்று விட்டாலும், கணக்கில் ஒன்றுதான். கேன்சல் விகிதம் ஏறினால் ஐடி, அதாவது ஆப்பில் ஓட்டுநரின் கணக்கு, ப்ளாக். பாதுகாப்புக் காரணத்தைத் தனியாகப் பதிய வேண்டும். விகிதத்தில் சேர்க்கக் கூடாது. காத்திருப்புக் கட்டணம் தர வேண்டும். ஐடியை முடக்கும் முன் ஒரு மனிதர் போனில் பேச வேண்டும். "எல்லோரும் அதையே அழுத்துவார்களே" என்பார்கள். அழுத்தட்டும். ஒரே பயணிமேல் பல ஓட்டுநர்கள் புகார் சொன்னால் ஆள் யாரென்று அதிலேயே தெரிந்துவிடும்.

மார்ச் 9
15 நிமிட இடைவேளையை 10 ஆக்கலாமாம். வண்டி நிறுத்த இடம் தேடவே ஐந்து நிமிடம்.

மார்ச் 11
அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஊபர் ஓட்டுநர்களின் தரவை ஆராய்ந்ததில், ஒரு மணி நேரத்துக்குப் பெண்களைவிட ஆண்கள் சுமார் 7% கூடுதலாகச் சம்பாதித்தார்கள். காரணங்கள்: அனுபவம், ஓட்டும் இடமும் நேரமும், வேகம். 'ஆப் ஆண் பெண் பார்ப்பதில்லை' என்று இதைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். அனுபவம் சேருமுன் பெண்கள் ஏன் விலகுகிறார்கள் என்பதல்லவா கேள்வி?

மார்ச் 12
எஸ்ஓஎஸ் (ஆபத்தில் உதவி கேட்கும்) பொத்தான் மேப் திரையிலேயே இருக்கட்டும். மூன்று மெனு தாண்டி யார் தேடுவது?

மார்ச் 14
பிரசவத்துக்குப் போனவரின் பழைய ரேட்டிங், இன்சென்டிவ் நிலை இரண்டையும் அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். திரும்பி வந்ததும் புது ஆள் போலத் தொடங்கவைக்கக் கூடாது என்பதை நாளைய வரைவில் முதல் பத்தியாக வைக்கணும்.