கூலி துரையான படம்

போன கிழமை இரவு வெள்ளவத்தையில் கரண்ட் போய்விட்டது. போனில் மிச்சமிருந்த சார்ஜில் 'விகதகுமாரன்' பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். மலையாளத்தின் முதல் படம் என்கிறார்கள், பேசாத படம். 1928ஆ 1930ஆ என்று இன்னும் சண்டை போகிறது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் அகஸ்தீஸ்வரத்தில் வேர் உள்ள ஜே.சி. டேனியல், சொத்தை விற்று எடுத்த படம். காதலனாக நடித்ததும் அவரேதான்.

கதை நம்ம ஊர்ப் பக்கமும் வருகிறது. திருவிதாங்கூர்ப் பணக்காரர் வீட்டுப் பையனை வில்லன் இலங்கைக்குக் கடத்திவிடுகிறான். பையன் தோட்டத்தில் கூலியாக வளர்ந்து அங்கேயே தோட்டத்தை நடத்தும் துரையாகிவிடுகிறான். அப்புறம் திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்கு வரும் இன்னொரு இளைஞன் கையில் இருந்ததை எல்லாம் பறிகொடுத்துவிட்டு இவனோடு சிநேகிதமாகி, இருவரும் ஊர் திரும்ப, அங்கே பையனின் தங்கைக்கும் அந்த இளைஞனுக்கும் காதல்.

ஹட்டன் பக்கம் முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாயி பக்கத்தில் படுத்திருந்தார். கடத்தல், காதல் எதற்கும் அசையாதவர், துரை என்றதும் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"கூலிக்காரப் பய தொரையானானா? எங்க தொர பங்களா வாசல்ல செருப்போட நிக்க முடியாது சாமி. சினிமான்னா சினிமாதான்."

அந்தத் தங்கையாக நடித்த பி.கே. ரோசி ஒரு தலித் பெண். நாயர் வீட்டுப் பெண்ணாக அவர் எப்படி நடிக்கலாம் என்று திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் கல்லெறிந்தார்களாம், அவர் வீட்டுக்கும் தீ வைத்தார்களாம். ஒரு லொறியில் ஏறித் தப்பி நாகர்கோயில் போனவர் அந்த டிரைவரையே கலியாணம் கட்டி, ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார் என்று சொல்கிறார்கள். பிறகு நடிக்கவே இல்லை. இதைச் சொன்னபோது அம்மாயி ஒன்றும் பேசாமல் வெற்றிலைப் பையைத் துழாவினார்.

ரோசிக்காக இந்தப் படத்தைத் தேடுகிறவர்கள்தான் அதிகம், நியாயம்தான். எனக்கென்னவோ அந்தத் தோட்டக் காட்சிகள்தான் வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயம், காலையில் ஆளெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டு, வேலை வாங்கும் கங்காணி எல்லாம் அதில் எப்படி இருந்திருக்கும்?

"அந்தப் பெரட்டக் காட்டேன், பாப்போம்" என்றார் அம்மாயி.

படமே இல்லை, டேனியலின் கடைசி மகன் சின்ன வயதில் பிலிம் சுருளைக் கொளுத்தி விளையாடிவிட்டாராம் என்றேன்.

கொஞ்ச நேரம் இருட்டில் சத்தமே இல்லை, தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்தப் பயல யாராச்சும் ரெண்டு வச்சாங்களா?"